அழகாக் கட்டினா மீன் மாட்டாது

மீன் பிடிக்கிறவன் பேச்சை நம்பக்கூடாதும்பாங்க. அதனால மீன் மாட்டாத கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன் :)

கொலராடோவில் சவுத் பிளாட் ஆறு. சீஸ்மன் அணைக்குக் கீழே ஜனவரியிலும் தண்ணி ஓடும். அந்தக் குளிரில் ட்ரவுட்டுக்கு முக்கியமான தீனி மிட்ஜ். கொசு மாதிரியே இருக்கும், ஆனா கடிக்காது. நானும் இறகு, ரோமம், நூல் எல்லாம் சுத்தி அச்சு அசலா ஒண்ணு கட்டி மிதக்கவிட்டேன். மூணு சனிக்கிழமை போச்சு. சுத்திலும் மீன் எழும்புது, என்னோடதை ஒண்ணுகூட சீண்டலை.

பக்கத்துல நின்ன பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "மீன் எழும்பின இடத்துல குமிழி வருதா?"

வரலை. முதுகும் வாலும் மட்டும்தான் தெரிஞ்சுது. மேலே மிதக்கிறதைத் தின்னா காத்தும் சேர்ந்து உள்ளே போய் குமிழி விடும். குமிழி இல்லைன்னா தண்ணிக்கு ஒரு நூல் கீழே தின்னுதுன்னு அர்த்தம்.

அடியிலிருந்து மேலே வர்ற மிட்ஜ் கூட்டுப்புழு, தோலைக் கிழிச்சு வெளியே வர்றதுக்கு முன்னாடி தண்ணியோட மேல்பரப்பில் கொஞ்ச நேரம் தொங்கும். நீந்தித் தப்பவும் முடியாது, பறக்கவும் முடியாது. அதுதான் எமர்ஜர். அதை விட்டுட்டு பறக்கத் தயாரா நிக்கிறதை மீன் ஏன் துரத்தணும்?

என் கட்சி இதுதான்: எமர்ஜர் பாதியில் விட்ட வேலை மாதிரி இருக்கணும். 22ஆம் நம்பர் முள். கறுப்பு நூல் ஒரே அடுக்கு. மெல்லிசு வெள்ளிக் கம்பி நாலு சுத்து. கழுத்துல ஒரு சிட்டிகை சாம்பல் ரோமம், மேலே துளியூண்டு வெள்ளை ஃபோம். அவ்ளோதான், நிறுத்திடணும். "இன்னும் கொஞ்சம்"னு கை துறுதுறுக்கும் பாருங்க, அங்கதான் கெடுது. நான் கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சு வெச்சிருந்தேன். இதே ஆத்துக்காக 1970களில் ரிம் சங் உருவாக்கின ஆர்எஸ்2வைப் பாருங்க. வால், ரோமம், ஒரு துண்டு இறகு, மூணே அயிட்டம். இன்னிக்கும் அதுக்கு மவுசு குறையலை.

இத்தனூண்டு ஃப்ளை கண்ணுக்குத் தெரியாது. அதனால முன்னாடி ஒரு கிரிஃபித்ஸ் நாட், ஒன்றரை அடி பின்னாடி இது. பக்கத்துல எது எழும்பினாலும் நம்மளோடதுன்னு நினைச்சு கோலை மெதுவா தூக்கணும். ஊர்ல கெளுத்திக்குச் சுண்டுற மாதிரி சுண்டினா 6எக்ஸ் நரம்பு அறுந்துடும். முதல் மீனை அப்படித்தான் தொலைச்சேன்.

ரெண்டாவது நிஜமாவே மாட்டுச்சு. அந்தப் பள்ளத்தாக்கில் பிடிச்சதை விட்டுடணும்னு சட்டம். விட்டுட்டேன். சாட்சி கிடையாது, நம்புங்க.

டிஸ்கி: 22ஆம் நம்பர் முள் அரிசியை விடச் சின்னது. கார்ப்பெட்டில் விழுந்தா தேடாதீங்க, உங்க கால் கண்டுபிடிக்கும்.