மாடு தின்னாத அலங்காரம் நமக்கு எதுக்கு?

புரட்டாசி முடிந்ததும் ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். தோப்பிலும் வீட்டு வாசலிலும் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்கிறவர்களைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. ஆனால், சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்தால்தான் மனசு கேட்கமாட்டேங்குது. வயலில் ஒரு சொட்டு பூச்சிமருந்து அடிக்காத உழவர் வீட்டுக் கல்யாணத்தில்கூட மேஜை மேல் பிளாஸ்டிக் தாள், ஓரத்தில் பிளாஸ்டிக் பூ, பழச்சாறு வைக்கிற இடத்தில் தெர்மோகோல் வளைவு. நஞ்சில்லாத சோற்றை இதற்கு நடுவில் வைத்துப் பரிமாறுவது என்ன நியாயம்?

மேஜையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதலே தடை செய்திருக்கிறது. சட்டத்தை விடுங்க, நம்ம மாட்டை நினைத்துப் பாருங்க. பந்தி முடிந்ததும் இலையையும் தாளையும் ஒரே சுருட்டாகச் சுருட்டி வெளியே கொட்டுகிறார்கள். இலை வாசனைக்கு வருகிற மாடு தாளையும் சேர்த்து விழுங்குகிறது. அது செரிக்காது, வெளியேயும் போகாது. வயிற்றில் சேரச் சேர மாடு தீனி எடுக்காமல் நலிந்து போகும். தாள் இல்லாமல் இருந்தால் அதே இலை நல்ல தீவனம்.

மேஜையில் பூங்கொத்து செருக வைக்கிறார்களே பச்சைப் பஞ்சுக்கட்டி, அதுவும் ஒரு வகை பிளாஸ்டிக்தான். கையால் நசுக்கினால் தூளாகும், மண்ணில் மக்காது. சாயக் காகிதத் தோரணமோ ஐப்பசித் தூறல் பட்டதும் சாயம் இறங்கிச் சாப்பாட்டு மேலேயே சொட்டும்.

அதனால் அலங்காரப் பொருள் ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேட்கலாம். மனுஷன் திம்பானா? மாடு திங்குமா? மண்ணு திங்குமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அது பந்தலுக்குள் வரவேண்டாம்.

அப்போ எதை வைப்பது? ஐப்பசியில் நம்ம காட்டில் இருப்பதைப் பாருங்க. குறுவை அறுப்பு நடக்கிற நேரம். நெற்கதிரைப் பிடிப்பிடியாகக் கட்டிப் பந்தி வரிசையின் இரண்டு முனையிலும் தொங்கவிடலாம். ஆடியில் விதைத்த தினையும் கம்பும் கதிராக நிற்கும். முழுப் பரங்கிக்காயும் பூசணிக்காயும் மாதக்கணக்கில் கெடாது. இன்றைக்கு அலங்காரம், மறுநாள் சாம்பார். வாழைத்தாரைக் கட்டிவிட்டால் பிள்ளைகளே பறித்துத் தின்று தீர்த்துவிடும். செங்கரும்பு தைக்குத்தான் வரும், அதற்காக இப்போது அலைய வேண்டாம்.

பூவுக்குச் செண்டுமல்லி போதும். தக்காளி, மிளகாய்க்குப் பொறிப்பயிராக நாம் ஏற்கெனவே நடுவதுதானே! நாற்று நட்டு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். ஐப்பசிக் கல்யாணம் என்றால் ஆவணியிலேயே நட்டுவிடணும்.

நம்ம பந்தி மேஜை குறுகலானது. ஒரு பக்கம் ஆள் உட்கார்வார், எதிர்ப்பக்கம் பரிமாறுகிறவர் வாளியோடு நடப்பார். நடுவில் ஜாடி வைக்க இடமே கிடையாது. அங்கே இலைதான் அலங்காரம். பச்சை இலையில் வெள்ளைச் சோறு, மஞ்சள் பருப்பு, சிவப்பு பீட்ரூட் பொரியல், கருப்புக் கவுனி இனிப்பு. இதற்கு மேல் என்ன அழகு வேணும்? நின்று சாப்பிடுகிற வரிசையிலும் பழச்சாறு மேஜையிலும்தான் இடம் உண்டு. அங்கே மண்சட்டிகளில் மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா, தூயமல்லி நெல்லைக் கொட்டி, பேரை எழுதிப் பனையோலையைச் செருகி வையுங்கள். வருகிறவர்கள் நின்று கேட்பார்கள். நாம் எத்தனை கூட்டம் போட்டுப் பேசினாலும் வராதவர்கள் அவர்கள்.

"ஈரம் பட்டால் மேஜை நாறும், தாள் இல்லாமல் முடியாது" என்று சமையல்காரர் சொல்வார். வெள்ளைப் பருத்தித் துணி விரிக்கலாம், பந்திக்குப் பந்தி மாற்றலாம். துவைத்தால் அடுத்த கல்யாணத்துக்கும் ஆகும். "கஞ்சத்தனம்னு சொந்தக்காரங்க பேசுவாங்களே" என்றால் பேசட்டும். மறுநாள் காலையில் பந்தல் இடத்தைப் பார்த்தால் அவர்களுக்கே புரியும்.

இன்னொன்று: இலையை மாட்டுக்குப் போடுங்கள், மிச்சச் சோற்றையும் பாயசத்தையும் அண்டாவோடு கொட்டாதீர்கள். அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு செத்தே போகும். மிச்சமானது உரக்குழிக்குப் போகட்டும்.

ஒரு குடும்பம் மட்டும் துணி வாங்குவது செலவுதான். அதனால் ஒவ்வொரு வட்டாரக் குழுவும் ஐம்பது மேஜைக்குத் துணியும், நூறு மண்சட்டியும் வாங்கி வைக்கலாம். கல்யாண வீட்டுக்கு வாடகையில்லாமல் கொடுப்போம், துவைத்துத் திருப்பித் தரட்டும். காய், கதிர், பூவை அந்த வட்டார இயற்கை உழவர்களே நியாய விலைக்குக் கொடுக்கலாம். அலங்காரக் கடைக்குப் போகிற பணம் நம்ம உழவருக்கே வந்து சேரும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுங்கள். கார்த்திகை முகூர்த்தத்துக்காவது ஒரு பந்தலில் தொடங்கிவிடுவோம்.