பைனஸ் மலையிலும் செக்ரோல் வேண்டும்

கண்டிப் பக்கத்தில் தரிசாகக் கிடக்கும் தேயிலைக் காணிகளில் வர்த்தக மரம் வளர்க்கலாம் என்ற பேச்சு மீண்டும் அடிபடுகிறது. பைனஸ் நட்டால் பிசினுக்கும் விலை, வெட்டினால் பலகைக்கும் விலை என்கிறார்கள். மரம் நடுவதை எதிர்த்து நாம் இதை எழுதவில்லை. காட்டில் கிடந்த ஒரு மரம் யாருடைய கையால் பயிராகிறது, அந்தக் கைக்குக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் எமது கேள்வி.

பைனஸ் எமக்குப் புதியதல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே ஹந்தானை மலையைப் பார்த்தாலே போதும். 1964 ஒப்பந்தத்தின்படி கண்டி மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் கைமாறின. ஆள் குறைந்து, கவ்வாத்தும் களையெடுப்பும் நின்று, பல மலைகளில் மானாப்புல் ஏறியது. மகாவலி அணைக்கட்டுகளில் மண் படிந்துவிடக் கூடாது என்ற அவசரத்தில், 1970களின் பிற்பகுதியிலிருந்து அப்படிப்பட்ட சரிவுகளில் கரிபியன் பைனஸ் நடப்பட்டது. நாடு முழுவதும் சுமார் 16,000 ஹெக்டேயர். மத்திய அமெரிக்காவிலும் கியூபாவிலும் பஹாமாஸிலும் தானாக வளரும் மரம் இது.

நட்டார்கள், கணக்கெழுதினார்கள். ஆனால் நட்டதோடு ஒரு காட்டு மரம் பயிராகிவிடாது. இதைத் தேயிலைக்காரர்களாகிய எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலைக்கும், இன்று நாம் கொழுந்து பறிக்கும் வீ.பி. தேயிலைக்கும் இடையில் எவ்வளவு வேலை இருக்கிறது! நல்ல செடியைத் தெரிந்தெடுத்து, துண்டு வெட்டி, தவறணையில் வேர்பிடிக்க வைத்து, மலையில் நட்டுப் பார்த்து, தேறாததைத் தள்ளியிருக்கிறார்கள். தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. தவறணையில் பை நிரப்பிய எமது பெண்களின் பெயர் எங்கேயும் இல்லை.

பைனஸிலும் இதே கதைதான். கலிபோர்னியாக் கரையில் மூன்று சிறு இடங்களிலும் மெக்சிகோவின் இரண்டு தீவுகளிலும் மட்டுமே காடாக வளர்ந்த ரேடியாட்டா பைன், இன்று நியூசிலாந்து, சிலி, அவுஸ்திரேலியா எங்கும் பெருந்தோட்டப் பயிர். நியூசிலாந்தில் 1950களிலிருந்து நேராக வளர்ந்த மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் விதையையே திரும்பத் திரும்ப நட்டு வளர்த்தார்கள். பலகையில் கணு விழாமலிருக்க அடிக்கிளைகளை ஆள் வைத்து வெட்டினார்கள். எம்மிடம் இருக்கும் அதே கரிபியன் பைனையும் குயின்ஸ்லாந்தில் இன்னொரு பைனோடு கலந்து நல்ல ரகம் எடுத்தார்கள். ஹந்தானையில் அந்தப் பொறுமையை நாம் பார்க்கவில்லை.

நியூசிலாந்தின் கதையில் தொழிலாளர் படிக்க வேண்டிய பாகம் அதன் பிறகு வருகிறது. 1987இல் அங்கே அரசாங்கத்தின் வனசேவை கலைக்கப்பட்டது. காட்டை நம்பி இருந்த ஊர்களில் வேலை பறிபோனது. மிஞ்சிய வேலை ஒப்பந்தக்காரர்களின் கைக்குப் போனது. 2013இல் மட்டும் காட்டு வேலையில் 10 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கங்கள் விடாமல் சத்தம் போட்ட பிறகே பாதுகாப்பு பற்றிய விசாரணை வந்தது. மரம் பயிராகி முடிந்ததும், பயிராக்கியவன் நிரந்தர வேலைக்காரனாக இல்லை.

எமது பக்கம் பிசின் எடுக்கும் வேலையைப் பாருங்கள். மரத்தின் பட்டையைச் சீவி, பிசின் நிற்காமல் வடிய அமிலப் பசை தடவி, அடியில் சிரட்டையோ பொலித்தீன் பையோ கட்ட வேண்டும். சில நாட்களில் அதற்கு மேலே புதிதாகச் சீவ வேண்டும். அந்தப் பிசினைக் காய்ச்சினால் டர்பன்டைனும் ரோசினும் கிடைக்கும். பெயின்டுக்கும் காகிதத்துக்கும் சவர்க்காரத்துக்கும் போகும். தோட்ட வேலை குறைந்த நாட்களில் இதற்குப் போகும் எமது அங்கத்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: கிலோவுக்குக் காசு, அவ்வளவுதான். பேர் இல்லை, சேமலாப நிதி இல்லை, கையுறை கேட்டால் சிரிப்பு. மழை பெய்தால் அன்றைக்கு எதுவுமே இல்லை. கொழுந்து மலையில் அரைப்பேருக்குச் சண்டை போடுகிற நாம், பைனஸ் மலையில் முழுப்பேரும் போவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கோடையில் ஹந்தானையில் தீ பிடிப்பதும் புதினமல்ல. உதிர்ந்த ஊசியிலை காய்ந்து கிடந்தால் ஒரு பீடித்துண்டு போதும். அணைக்க ஓடுபவர்களில் பக்கத்து லயத்துப் பையன்களும் இருக்கிறார்கள். அதற்கும் சம்பளம் கிடையாது.

இருக்கிற பைனஸை ஒரேயடியாக வெட்டச் சொல்பவர்களோடும் எமக்கு உடன்பாடில்லை. வெட்டிய சரிவு அடுத்த மழையில் வீட்டுக்குள் வரும். பேராதனைப் பேராசிரியர்கள் நிமல், சாவித்திரி குணதிலக தம்பதியினர் 1990களில் சிங்கராஜ ஓரத்தில் வேறு வழி காட்டினார்கள். பைனஸில் சில வரிசைகளை மட்டும் எடுத்து, அந்த இடைவெளியில் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில் கன்றுகள் நன்றாக வளர்ந்தன. இது வருடக்கணக்கில் ஆள் வேண்டிய வேலை. மலையை அறிந்த ஆட்கள் லயங்களில் இருக்கிறார்கள்.

ஆகவே, புதிதாக மரம் நடப் புறப்படும் கம்பனிகளிடமும் வனத் திணைக்களத்திடமும் நாம் கேட்பது இது. மரம் நடும் மலையானாலும் பிசின் எடுக்கும் மலையானாலும், வேலை செய்பவரின் பெயர் செக்ரோலில் ஏற வேண்டும். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கட்டப்பட வேண்டும். அமிலம் தொடுபவருக்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுக்கப்பட வேண்டும். தரிசுக் காணியை மரத்துக்கு ஒதுக்க முன்னர், வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் என்று சொல்லிக் காத்திருக்க வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அதே தோட்டத்தில் காணி அளந்து, உறுதியோடு கொடுக்க வேண்டும். தோட்டக் கமிட்டிகள் தங்கள் டிவிசனில் பைனஸ் வேலைக்குப் போகிறவர்களின் பெயர், வேலை நாள், கிலோ விலை மூன்றையும் எழுதி, மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.