மெதுவும் தாமதமும்

சேர்வராயன் மலைக்கு வந்த இங்கிலீஷ்காரர்கள் காப்பித் தோட்டங்களையும் ஓட்டு பங்களாக்களையும் விட்டுச் சென்றார்கள். கூடவே 'லேட்' என்ற சொல்லையும் விட்டுச் சென்றார்கள். இன்று ஏற்காட்டில் பஸ் லேட், தபால் லேட், பால் லேட், பையன் லேட். ஒரு வார்த்தை இங்கிலீஷ் படியாத பாட்டிமாரும், "இன்றைக்குச் சமையல் கொஞ்சம் லேட்டு" என்கிறார்கள். வந்த விருந்தாளி வீட்டோடு தங்கிவிட்டால் அவருடைய குலம் கோத்திரத்தை விசாரிப்பது நம் வழக்கமல்லவா? இந்த விருந்தாளியையும் சற்று விசாரிப்போம்.

பழைய இங்கிலீஷில் இச்சொல்லுக்கு 'மெதுவான', 'மந்தமான' என்றே பொருள். 'நேரங்கழித்து' என்ற அர்த்தம் பின்னால் வந்து சேர்ந்தது. 'டார்டி' என்பதும் மெதுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் சந்ததியே. மெதுவாக நடப்பவன் நேரங்கழித்துத்தான் வருவான் என்று தீர்மானித்து, அந்தப் பாஷை இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது.

கட்டியபின் வசைக்குப் பஞ்சமில்லை. பின்தங்குகிறவன் 'லாகர்ட்'. சோம்பிக் கிடப்பவன் 'ஸ்லக்கர்ட்'. அசைந்து அசைந்து வருபவன் 'ஸ்லோ கோச்', அதாவது ஓடாத குதிரை வண்டி. 1837-ல் வெளிவந்து முடிந்த டிக்கன்ஸின் 'பிக்விக்' நவீனத்திலேயே இந்தச் சொல் காணப்படுகிறது. காரியத்தைத் தள்ளிப் போடுகிறவன் 'ப்ரோக்ராஸ்டினேட்டர்'. இதன் நடுவே 'நாளை' என்னும் லத்தீன் சொல் உட்கார்ந்திருக்கிறது. முழுவதும் உச்சரித்து முடிப்பதற்குள் நாளையே வந்துவிடும்! 'ஸ்லக்' என்றால் இன்று ஓடில்லாத நத்தை. ஆனால் அது முதலில் சோம்பேறி மனிதனுக்கு ஏற்பட்ட பெயர். பாவம், நத்தைக்கு அதைப் பிற்பாடுதான் சூட்டினார்கள்.

பெயர் சூட்டும் அவசரத்தில் நம் நாட்டுக் கரடியும் அகப்பட்டுக் கொண்டது. தென்னமெரிக்காவில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும் 'ஸ்லாத்' என்ற பிராணி ஒன்றுண்டு. அந்தப் பெயருக்குச் சோம்பல் என்றே பொருள். 1791-ல் ஜார்ஜ் ஷா என்னும் இயற்கை நூலார் நம் கரடியின் நீண்ட நகங்களையும் பல்வரிசையையும் கண்டு, அதையும் அந்த இனத்திலேயே சேர்த்துவிட்டார். கரடிதான் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் இங்கிலீஷில் அது இன்னமும் 'ஸ்லாத் பேர்', அதாவது சோம்பல் கரடி. துரத்தினால் மனிதனை எளிதில் எட்டிப் பிடித்துவிடும் மிருகத்துக்குக் கிடைத்த பட்டம் இது. பட்டம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் உண்மை வந்தும் அதைப் பிய்க்க முடிவதில்லை.

தமிழிலும் சோம்பேறி, மந்தன், தூங்குமூஞ்சி என்ற வசைகள் உண்டு. ஆனால் மெல்ல, பைய, நிதானமாக, ஆற அமர என்பவை வேறு ஜாதி. அவற்றில் குற்றத்தின் வாடையே இல்லை. வள்ளுவரும் காலம் நீட்டிப்பதையும் சோம்பலையும் வெவ்வேறாகவே எண்ணினார். நிதானித்துச் செய்ய வேண்டியதை நிதானித்தும், உடனே செய்ய வேண்டியதைத் தாமதமின்றியும் செய்யச் சொன்னார்.

இந்தப் பேதம் எங்கள் மலையில் கண்கூடு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். காப்பிக் கன்று பலன் தர மூன்று நான்கு வருஷங்களாகும். கோடை மழையில் பூத்த பூ பழுக்க மார்கழியும் ஆகலாம். ஒரே கிளையின் காய்கள்கூட ஒன்றாய்ப் பழுப்பதில்லை. ஆகவே சிவந்ததை மட்டும் பறித்துவிட்டு, மீண்டும் மீண்டும் அதே செடிக்கு வருகிறார்கள். உயரத்தின் குளிரில் மெதுவாகப் பழுத்த கொட்டைக்கே ருசி அதிகம். பின்னால் சிவந்த பழத்தை யாரும் 'லேட்' என்று கடிந்துகொள்வதில்லை.

பிள்ளைகளிடம் மட்டும் நமக்கு இந்தப் பொறுமை இல்லை. மலைக் கிராமத்துச் சிறுவன் ஒருவன் இருட்டோடு எழுந்து, ஆடுகளைக் கவனித்து, பனியில் மூன்று மைல் மேடும் பள்ளமும் நடந்து, மணி அடித்துப் பத்து நிமிஷம் கழித்து வகுப்பில் நுழைகிறான். பள்ளிக்கு எதிர்வீட்டுப் பிள்ளை ஏழரைக்குக் கண் விழித்தும் மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறான். ரிஜிஸ்தரில் வந்த நேரத்துக்கு இடமுண்டு. புறப்பட்ட நேரத்துக்கு இடமில்லை. முதலில் 'லேட்' என்று எழுதுகிறோம். சில நாளில் அது 'ஸ்லோ' ஆகிறது, பிறகு 'லேஸி' ஆகிறது. மூன்றாவது சொல்லைப் பையனே நம்பிவிட்டால் மறு வருஷம் அவன் வருவதில்லை. அவ்விதம் நின்றுபோன பிள்ளைகளை நான் அறிவேன்.

பரீட்சைக்கும், வைத்தியத்துக்கும், கூலி கொடுப்பதற்கும் தாமதம் தகாது. அதில் சலுகை கேட்க நான் வரவில்லை. "ஏன் லேட்?" என்பதற்குமுன் "எப்போது புறப்பட்டாய்?" என்று கேட்கலாம் என்றுதான் சொல்கிறேன். வீட்டிலே, கணக்கை மெல்லப் போடும் குழந்தையிடமும், படியில் மெல்ல இறங்கும் முதியவரிடமும் இதே நியாயம் செல்லும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அங்கே மேலேறும் வண்டிக்கு, இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது விதி. ஏறுகிறவன் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம் என்பதே காரணம். பள்ளிக்கூட வாசலிலும் அந்த விதியை அனுஷ்டித்தால் என்ன?