ஆடுபவன் ஒருவன், அள்ளுபவன் வேறொருவன்!

2025-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி, கலிபோர்னியாவில் கிளாடியா வில்கன் என்ற பெண் நீதிபதி ஒரு சமரச ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தார். அமெரிக்கக் கல்லூரிகளுக்காக விளையாடும் இளைஞர்களுக்கு, வந்த வருமானத்திலிருந்து கல்லூரியே நேராகப் பணம் கொடுக்கலாம் என்று அதனால் ஆயிற்று. ‘கூடாது, கூடவே கூடாது’ என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த விதி அன்று சரிந்தது. ஆடுவோர்க்குப் பொற்காலம் பிறந்துவிட்டது என்று பேசுவோர் பலர். நமக்கு அவ்வளவு மகிழ்ச்சி ஏற்படவில்லை, தோழர்களே! காரணத்தைச் சொல்கிறோம்.

கல்லூரி விளையாட்டு என்றதும், மாலை வேளையில் மைதானத்தில் நாலு பேர் பந்து உதைப்பது நம் கண்முன் வரும். அமெரிக்காவில் அப்படியல்ல. அங்கே ‘கால்பந்து’ என்று சொல்வதே வேறு ஆட்டம்; பந்தைக் கையில் ஏந்தி, தலையில் கவசம் மாட்டி, மோதி விழுந்து ஆடுவது. மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். கல்லூரிக் கால்பந்தின் இறுதிச் சுற்று ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டுவதற்காக ஈ.எஸ்.பி.என். நிறுவனம் 2024-ல் செய்துகொண்ட ஒப்பந்தம், ஆறு ஆண்டுகளுக்கு 780 கோடி டாலர். மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டிக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 110 கோடி டாலர். பல மாநிலங்களில் அரசாங்கச் சம்பளப் பட்டியலில் முதல் இடத்தில் இருப்பவர் கவர்னர் அல்ல, கால்பந்துப் பயிற்சியாளர்! டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக் கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ பிஷர் என்ற பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியது. அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த பாக்கி ஏறத்தாழ 7 கோடியே 60 லட்சம் டாலர். வேலை செய்ததற்குக் கூலியல்ல, வேலைக்கு வராமல் இருப்பதற்கு!

இத்தனை கோடியும் எவனுடைய முதுகின் மேல் ஏறி வருகிறது? இருபது வயது இளைஞன் முதுகின் மேல். அவனுக்குக் கிடைத்தது கல்விக் கட்டணம், தங்க இடம், சாப்பாடு. அது ஒன்றுமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பட்டப் படிப்பு பெரிய காரியம்தான். ஆனால் 2014-ல் கூடைப்பந்தில் நாட்டுக்கே முதல் அணியாக வந்த கனெக்டிகட் கல்லூரியின் ஷபாஸ் நேப்பியர், பசியோடு படுத்த இரவுகள் உண்டு என்று நிருபர்களிடம் சொன்னார். கோப்பை அவர் கையில், பசி அவர் வயிற்றில்! அவமானம் தாங்காமல், அதே மாதத்தில் சாப்பாட்டு விதியைத் தளர்த்தினார்கள்.

இந்த ஆட்டங்களைக் கட்டி ஆள்வது 1906-ல் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். என்.சி.ஏ.ஏ. என்பார்கள். 1951 முதல் 1987 வரை அதன் நிர்வாகியாக இருந்தவர் வால்டர் பையர்ஸ். ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொல்லை வழக்கில் புகுத்தியவர் அவர்தாம். கேட்பதற்கு இனிய சொல். அது பிறந்த கதை இனிப்பானதல்ல.

1955-ல் கொலராடோ மாநிலத்தில் போர்ட் லூயிஸ் என்ற சிறு கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன், மைதானத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். ஆலையில் இயந்திரம் இடித்துச் செத்தவன் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு தனக்கும் கிடைக்கவேண்டும் என்று அவருடைய மனைவி கேட்டார். கல்லூரிக்கு வேலை பார்க்கும்போதுதானே மாண்டார்? நியாயமான கேள்வி. 1957-ல் மாநிலத்தின் உச்சநீதி மன்றம் இல்லை என்று கைவிரித்தது. கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லையாம்! இத்தகைய வழக்குகளைக் கண்டு அஞ்சியே அந்தச் சொல்லைச் செய்தோம் என்று பையர்ஸே பின்னாளில், 1995-ல், தம் புத்தகத்தில் எழுதினார். ஊழியன் என்று ஒருவரும் அழைத்துவிடக் கூடாது. அதற்காகவே ‘மாணவ வீரர்’. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வந்த ஞானம் அது.

சொல்தானே என்று தள்ளிவிட வேண்டாம். 1974-ல் டெக்சாஸ் கிறிஸ்துவப் பல்கலைக் கழகத்துக்காக அலபாமாவுக்கு எதிரே ஆடிய கென்ட் வால்ட்ரெப் கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்தார். பல ஆண்டுகள் வழக்காடினார். நடுவில் ஒருமுறை அவர் பக்கமும் முடிவு வந்தது. கடைசியில் 2000-ம் ஆண்டில் மேல் கோர்ட்டு சொன்னது என்ன? நீர் ஊழியர் அல்ல. பெயரை மாற்றிக் கூலியைக் குறைக்கும் வித்தையை, ஆலை வாசலில் நிற்கும் தோழர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

பிறகு ஒவ்வொரு கல்லாகப் பெயர்ந்தது. எட் ஓபானன் என்ற பழைய கூடைப்பந்து வீரர், தம் உருவத்தை வீடியோ விளையாட்டில் வைத்து விற்பதைக் கண்டு 2009-ல் வழக்குப் போட்டார். 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்சநீதி மன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதமே, வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று விதி தளர்ந்தது. 2020-ல் கிராண்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரரின் பெயரில் தொடங்கிய வழக்குதான் இப்போது சமரசத்தில் முடிந்திருக்கிறது.

சமரசத்தில் இருப்பது என்ன? 2016 முதல் ஆடியவர்களுக்கு, பத்து ஆண்டுகளில், ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டுத் தொகை. 2025 ஜூலை முதல் ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்கள் அனைவருக்குமாகச் சேர்த்து, முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம். கொடுக்கவேண்டும் என்பதல்ல, கொடுக்கலாம்! அதற்கு மேல் கூடாது. பெரிய கல்லூரிகள் டிக்கெட், தொலைக்காட்சி, விளம்பரம் போன்ற இனங்களில் பெறும் சராசரி வருவாயில் 22 விழுக்காடு என்று கணக்குப் போட்டு வந்த தொகை இது. புதிதாகக் கொடுக்கும் உதவிச் சம்பளத்தில் 25 லட்சம் டாலர் வரை இதற்குள்ளேயே அடக்கிக்கொள்ளலாம்.

22 விழுக்காடு என்று யார் நிர்ணயித்தது? வழக்கறிஞர்களும் சங்கத்தாரும் உட்கார்ந்து பேசி. அதே ஆட்டத்தைத் தொழிலாக ஆடுகிறார்களே, தேசியக் கால்பந்து லீக் வீரர்கள், அவர்களுக்கு வருவாயில் ஏறத்தாழ 48 விழுக்காடு. அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. பேரம் பேசி, ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். கல்லூரி வீரனுக்குச் சங்கம் இல்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. ஆட்டத் திறமையில் மட்டும் இல்லை.

சங்கம் அமைக்க முயலவில்லையா? முயன்றார்கள். 2014-ல் நார்த்வெஸ்டர்ன் கால்பந்து வீரர்கள் மனுச் செய்தார்கள். தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி, ஆம், இவர்கள் ஊழியர்களே என்றார். மேலே இருந்த வாரியமோ 2015-ல் இதில் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கூடைப்பந்து அணியினர் 13-க்கு 2 என்ற கணக்கில் சங்கத்துக்கு வாக்களித்தனர். ஆண்டு முடிவதற்குள், வாரியத்தின் காற்று மாறும் என்று கண்டு, மனுவைத் திரும்பப் பெற்றார்கள்.

கல்லூரி நிர்வாகிகளுக்கும் ஒரு வாதம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. கால்பந்துப் பணத்தில்தான் நீச்சலும் ஓட்டமும் மல்யுத்தமும் நடக்கின்றன; அங்கிருந்துதான் ஒலிம்பிக் வீரர்கள் வருகிறார்கள்; பங்கு கொடுத்தால் இவை சாகும் என்கிறார்கள். முதல் பகுதி உண்மை. இரண்டாவதைச் சொல்லும் வாய், பயிற்சியாளருக்கு 7 கோடியைத் தூக்கிக் கொடுத்தபோது மூடியிருந்ததே! அன்று நீச்சல் குளம் வற்றவில்லையா? பெண்களின் குறையோ வேறு. ஈட்டுத் தொகையில் பெரும்பகுதி ஆண்களின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. கல்வி நிலையங்களில் பால் வேற்றுமை கூடாது என்ற 1972-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிச் சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தனர். கூடைப்பந்திலும் கால்பந்திலும் ஆடுவோரில் கறுப்பின இளைஞர்கள் பெருந்தொகையினர். மேலே அமர்ந்து நிர்வகிப்போரில் பெரும்பாலோர் வெள்ளையர். தோட்ட எஜமான மனப்பான்மை என்று அந்தப் பையர்ஸே இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

பணத்தைக் கொஞ்சம் கொடுத்தவர்கள் இப்போது சட்டத்தின் பக்கம் கை நீட்டுகிறார்கள். 2025 ஜூலையில் அமெரிக்கக் கீழ்ச் சபையில் கொண்டுவந்த ஸ்கோர் மசோதாவில், வீரர்கள் ஊழியர்கள் அல்ல என்று எழுதியிருக்கிறார்கள். ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து சங்கத்துக்குப் பாதுகாப்பும் உண்டு. 2024-ல் பிலடெல்பியாவிலுள்ள மேல்முறையீட்டு மன்றம், மாணவ வீரர் என்ற பெயர் ஒன்றே கூலிச் சட்டத்தைத் தடுத்துவிடாது, அவன் செய்யும் வேலையைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தது. டென்னிசன் மனைவிக்கும் வால்ட்ரெப்புக்கும் மூடிய கதவு, அங்கே ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது. அதை மறுபடி சாத்துவதற்கே இந்த மசோதா.