இன்ஜினை இறக்கும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள்

கேள்வி: "வெள்ளிமலை பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம். மரவள்ளியும் சாமையும் போடுகிறோம். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருக்கிறது. வெறும் வண்டியாக ஓட்டினால் தொந்தரவு இல்லை. உழவு பிடித்தாலோ, கச்சிராயபாளையத்திலிருந்து உர மூட்டை ஏற்றி மலை ஏறினாலோ அரை மணி நேரத்தில் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. தினமும் இரண்டு பாட்டில் தண்ணீர் குறைகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார், சரியாகவில்லை. இப்போது இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். அதற்கு நகையை அடகு வைத்தால்தான் முடியும். வேறு வழி உண்டா?"

- கல்வராயன்மலை வாசகர்

பதில்: நகையை இப்போதைக்குப் பெட்டியிலேயே வைத்திருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களில் பாதிக்கு மேல் இன்ஜினுக்கு வெளியே உள்ள கோளாறைத்தான் காட்டுகின்றன. காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்துவிடுவோம். அதற்குப் பிறகு இன்ஜினை இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

சூடு எங்கே போகிறது?

இன்ஜினில் எரியும் டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உழவுக்கும் இழுவைக்கும் வருகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் கொட்ட வேண்டும். வெறும் வண்டி ஓடும்போது எரிகிற டீசல் குறைவு, அதனால் பாதி அடைத்த ரேடியேட்டர்கூடச் சமாளித்துவிடும். கலப்பை மண்ணில் இறங்கியதும் டீசல் கூடும், சூடும் கூடும். "சுமையில் மட்டும் சூடேறுகிறது" என்றால் முதல் சந்தேகம் ரேடியேட்டர், பெல்ட், மூடி ஆகியவற்றின் மேல்தான் விழ வேண்டும்.

மலையில் இன்னும் இரண்டு சங்கடங்கள் உண்டு. கல்வராயன்மலையின் மேல்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் அடிக்குச் சுமார் 1 டிகிரி வீதம் தண்ணீர் முன்னதாகவே கொதிக்கும். கீழே 100 டிகிரியில் கொதிப்பது உங்கள் ஊரில் 97, 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுத்தது, உயரத்தில் காற்று லேசாக இருப்பதால் டர்போ இல்லாத பழைய இன்ஜினுக்கு ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். அதே டீசல், குறைந்த காற்று என்பதால் கரும்புகையும் சூடும் கூடும். கள்ளக்குறிச்சியில் இழுத்த அதே சுமையை அதே கியரில் வெள்ளிமலை ஏற்றத்தில் எதிர்பார்க்கக் கூடாது.

வரிசையாகப் பாருங்கள்

இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு, காலையில் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

1. ரேடியேட்டரின் வெளிப்பக்கம். முன் கிரில்லைத் திறந்து வலையையும் தகடுகளையும் பாருங்கள். சோளத்தூசு, நெல் உமி, கரும்புச் சோகைத் துணுக்கு, செம்மண் புழுதி எல்லாம் எண்ணெய்க் கசிவோடு சேர்ந்து அடை போல ஒட்டியிருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். வாட்டர் சர்வீஸ் குழாயைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

2. ஃபேன் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினாலும், பெல்ட்டின் பக்கவாட்டு பளபளவென்று தேய்ந்திருந்தாலும், பெல்ட் வழுக்கும். ஃபேனும் வாட்டர் பம்பும் சுமையில் வேகம் குறைந்துபோகும்.

3. ரேடியேட்டர் மூடி. தண்ணீர் வெளியே போகாமல் தடுப்பது மட்டும் இதன் வேலை இல்லை. உள்ளே அழுத்தம் கட்டுவதும் இதுதான். 7 பவுண்டு மூடி சரியாகப் பிடித்தால் தண்ணீர் சுமார் 110 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ இருந்தால், உங்கள் மலையில் 97 டிகிரியிலேயே கொதித்து வழிந்துவிடும். தினமும் குறையும் இரண்டு பாட்டில் தண்ணீர் இந்த வழியாகவே போகலாம். உங்கள் டிராக்டருக்கு உரிய அழுத்தத்தில் புது மூடி வாங்கிப் போடுங்கள். இதற்கு ஆகும் செலவு சிறிது.

4. குழாய்களும் பம்பும். மேல், கீழ் ரப்பர் குழாய்களை அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்றோ வெடித்தோ இருந்தால் மாற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு வேகம் கூட்டும்போது கீழ்க்குழாய் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் ஓட்டம் தடைபடும். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் தண்ணீர் சொட்டினால் பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள். ஃபேன் சுற்றும்போது துண்டு, லுங்கி, சேலை முந்தானை எதுவும் அதன் அருகே போகக் கூடாது.

5. தெர்மோஸ்டாட். இதைக் கழற்றிப் போடுவது தீர்வல்ல. இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசல் முழுதாக எரியாது, எண்ணெய் கெடும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்குவழியில் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டைக் கூட்டும். கழற்றிய பழையதை நூலில் கட்டி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே அது நன்றாக விரிந்து திறக்க வேண்டும், ஆறியதும் மூட வேண்டும். திறந்து மூடினால் புது கேஸ்கெட்டோடு அதையே மாட்டலாம், இல்லையென்றால் புதிது மாட்டச் சொல்லுங்கள்.

6. உள்படிவு. மூடியைத் திறந்து குழாய்களின் வாயைப் பாருங்கள். போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவது போல ரேடியேட்டரிலும் சிலிண்டரைச் சுற்றியும் படியும். அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. மேலும் துருச்சேறு சேர்ந்தால் மெல்லிய குழாய்கள் அடைத்துவிடும். கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் கிளீனரை அதன் மேல் எழுதியுள்ள அளவிலும் நேரத்திலும் பயன்படுத்தி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலச வேண்டும். அதிகம் அடைத்திருந்தால் ரேடியேட்டர் பட்டறையில் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தி எடுப்பார்கள்.

எப்போது இன்ஜினைச் சந்தேகிக்க வேண்டும்?

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் சூடேறினால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதியுங்கள். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வரும் ஒன்றிரண்டு குமிழிகள் உள்ளே அடைபட்ட காற்று, அவை நின்றுவிடும். வேகம் கூட்டக் கூட்டக் குமிழி விடாமல் வந்தால் சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் நுழைகிறது. அடுத்து எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் மோர் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த நிலையில் வண்டியை ஒரு பர்லாங்கு தூரம்கூட ஓட்டாதீர்கள், பேரிங்குகள் போய்விடும். அப்போது ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். ஆனால் ஹெட்டைக் கழற்றுவது ஒரு வேலை, இன்ஜினையே இறக்குவது வேறொரு வேலை. எதற்காக எதைக் கழற்றுகிறார் என்று மெக்கானிக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

குமிழி இல்லை, எண்ணெயும் சுத்தம், ஆனால் கரும்புகை தள்ளுகிறது என்றால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். டீசல் பம்ப் அல்லது இன்ஜெக்டர் சரிபார்ப்புத் தேவைப்படலாம். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

வயலில் முள் சிவப்புக்குப் போனால்

கலப்பையைத் தூக்கி, சுமையை எடுத்துவிட்டு, நிழலில் மெதுவேகத்தில் சில நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் மொத்தமாகக் கொட்டிப்போயிருந்தாலோ பெல்ட் அறுந்திருந்தாலோ மட்டும் உடனே நிறுத்த வேண்டும். சூடான மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, தடித்த துணி போட்டு, பாதி மட்டும் திருகி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே முழுதும் திறக்க வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். அந்த விரிசல்தான் நிஜமாகவே நகையை அடகு வைக்கச் செய்யும்.

கேள்வி: "நம் பக்கம் பனி உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு? தண்ணீர் போதாதா?" - சங்கராபுரம் வாசகர்

பதில்: உறைவதைத் தடுப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டுமே. துருவையும் படிவையும் தடுப்பதும், கொதிப்பதைச் சில டிகிரி தள்ளிப்போடுவதும் நமக்கு வேண்டியவை. கெட்டியான கூலன்ட் வாங்கினால் டப்பாவில் சொன்ன விகிதத்தில், பெரும்பாலும் சரிபாதி, உப்பில்லாத தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீரைத் தவிருங்கள். சுத்தமாகப் பிடித்துத் துணியில் வடிகட்டிய மழைநீரோ, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ போதும். தயார் நிலையில் வாங்கியதில் தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். கழற்றிவிடும் பழைய கூலன்ட்டை மாட்டுத் தொட்டிக்கு அருகிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். மாடும் ஆடும் நாயும் நக்கிவிடும், குழந்தைகள் தொட்டு வாயில் வைத்துவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து, எட்டாத இடத்தில் வைத்து, பட்டறையில் ஒப்படையுங்கள்.

கடைசியாக, இருவருக்கும் ஒரு வார்த்தை. கோடை மழையின் ஈரம் நமக்காகக் காத்திருக்காது. டிராக்டர் பட்டறையில் நிற்கும் நாட்களில் உழவை நிறுத்திவைக்காமல், உழவன் செயலியில் இ-வாடகை வழியாக வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டருக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். செயலி பழக்கமில்லாதவர்கள் அத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். இன்ஜினைப் பற்றி மெக்கானிக் சொன்னதில் சந்தேகம் இருந்தால், அங்குள்ள பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.