சுவிட்சை அணைத்தும் பல்பு மினுங்குகிறதா?

வீட்டில் எல்லாரும் படுத்தாயிற்று. சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறது. ஆனால் ஹாலில் இருக்கும் எல்இடி பல்பு மட்டும் மின்மினிப்பூச்சி போல லேசாக மினுங்கிக்கொண்டே இருக்கிறது. வயரிங் வேலை பார்த்தவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "எல்இடின்னா அதெல்லாம் உள்ளதுதான் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்காரர்களும் கரண்டு பில் ஏறுமோ என்ற கவலையோடு விட்டுவிடுவார்கள்.

கவலைப்பட வேண்டியது பில்லைப் பற்றி அல்ல. அந்த மினுக்கத்துக்குப் பின்னால் ஆளையே அடிக்கக்கூடிய வயரிங் தவறு ஒன்று ஒளிந்திருக்கலாம்.

குழித்துறை பக்கத்தில் பழைய ஓட்டு வீட்டோடு பின்னால் ஒரு கான்கிரீட் அறையைச் சேர்த்துக் கட்டுவது வழக்கம். பழைய வயரிங்கும் புது வயரிங்கும் கை கோக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் குழப்பம் வரும். ஒரே நிறத்தில் ஓடும் பழைய வயர்களில் எது பேஸ், எது நியூட்ரல் என்று பார்க்காமல் முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். பல்பு எரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

எரிவது மட்டும் சாட்சி ஆகாது

பல்புக்கு இரண்டு வயர்கள் போகின்றன. பேஸ் வழியாக மின்சாரம் வருகிறது, நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. இதில் எதைத் துண்டித்தாலும் பல்பு அணையும். அதனால் சுவிட்சைத் தவறுதலாக நியூட்ரலில் போட்டாலும் பல்பு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும்.

வித்தியாசம் அணைத்த பிறகுதான். சுவிட்ச் பேஸில் இருந்தால், அணைத்ததும் ஹோல்டருக்கு மின்சாரம் வராது. நியூட்ரலில் இருந்தால், பல்பு அணைந்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோமே என்ற தைரியத்தில் ஸ்டூலில் ஏறி, ஈரக்கையால் பல்பைக் கழற்றுபவருக்கு இது தெரியாது. சுவிட்ச் பேஸ் வயரில்தான் இருக்க வேண்டும் என்று வீட்டு வயரிங்குக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 732 சொல்வது இதற்காகத்தான்.

குண்டு பல்பு காலத்தில் இந்தத் தவறு வெளியே தெரியாமலே இருந்தது. சுவர் ஈரத்தின் வழியாகவும், பக்கத்து வயர்களின் வழியாகவும் கசிகிற துளி மின்சாரத்தால் டங்ஸ்டன் இழையைச் சூடேற்ற முடியாது. எல்இடிக்கு அந்தத் துளியே போதும். 2015 ஜனவரி 5-ம் தேதி தொடங்கிய உஜாலா திட்டம் மூலமாகவும், பிறகு கடைகளில் விலை இறங்கியதாலும் வீடுகளுக்கு எல்இடி வந்தது. பல வருஷங்களாகச் சுவருக்குள் கிடந்த தவறுகளையும் அது காட்டிக்கொடுக்கத் தொடங்கியது.

மினுங்கும் எல்லா பல்பும் ஆபத்து என்று பயப்படவும் வேண்டாம். சுவிட்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அதன் வழியாகப் போகிற சிறிய மின்சாரமே எல்இடியை மினுங்க வைக்கும். பேஸ் வயர் ஒன்று அதே பைப்பில் நீண்ட தூரம் கூடவே ஓடினாலும் இப்படி ஆகும். எது காரணம் என்று வயர்மேன் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும். பல்பைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, ஹோல்டரின் ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் 230 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால், சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது என்று சந்தேகித்துப் போர்டைத் திறக்க வேண்டியதுதான்.

டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். டெஸ்டரின் நியான் விளக்கு, பிடித்திருப்பவரின் உடம்பு வழியாகத்தான் எரிகிறது. ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் நின்றால், மின்சாரம் இருந்தும் அது மங்கலாகத் தெரியலாம். நியூட்ரல் எங்காவது விட்டுப்போயிருந்தால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரிந்து குழப்பும்.

வேறு சில அறிகுறிகள்

மாடிப்படி விளக்கு: கீழே போட்டு மேலே அணைக்கும் விளக்கு, மேல் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் மட்டும் கீழே வேலை செய்கிறதா? டூ-வே சுவிட்சில் மூன்று முனைகள் உண்டு. நடுவில் இருக்கும் பொது முனையில் வர வேண்டிய வயர் ஓரத்துக்கு மாறியிருக்கும். இடம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

மங்கலாக எரியும் இரண்டு விளக்குகள்: ஒன்றைக் கழற்றினால் இன்னொன்றும் அணைகிறது என்றால், இரண்டும் தனித்தனியாக இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. 230 வோல்ட்டை இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஒரு விளக்கைப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது: போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று ஆர்சிசிபி கணக்குப் பார்க்கிறது. வீடுகளில் பொருத்தும் வகையில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். சாதாரண 9 வாட் எல்இடி பல்பே சுமார் 40 மில்லி ஆம்பியர் எடுக்கும். புது அறை விளக்கின் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு வெளியே உள்ள வயரில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால், அந்த ஒரு பல்பே அதை விழ வைத்துவிடும். இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் கலந்துபோன வீடுகளிலும் இது நடக்கும். "இதுதான் தொந்தரவு" என்று ஆர்சிசிபியையே கழற்றிவிடுவது மிகப் பெரிய தவறு. எம்சிபி வயரைத்தான் காக்கும். ஆளைக் காப்பது ஆர்சிசிபி.

சில விளக்குகள் மங்கி, சில விளக்குகள் அளவுக்கு மீறிப் பிரகாசிக்கின்றன: மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் இது நியூட்ரல் அறுந்ததன் அடையாளம். 230 வோல்ட்டுக்குச் செய்த டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் 400 வோல்ட் வரை ஏறிவிடலாம். ஒரு நொடியும் யோசிக்காமல் மெயினை அணைக்க வேண்டும். கோளாறு வீட்டுக்கு வெளியே என்று தோன்றினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்ல வேண்டும்.

எங்கிருந்து தேடுவது?

கடைசியாக எதில் கை வைத்தார்களோ, அங்கிருந்து. புது ஃபேன் மாட்டினார்களா, பெயிண்ட் அடிக்கச் சுவிட்ச் போர்டைக் கழற்றினார்களா, இன்வெர்ட்டர் வைத்தார்களா? பத்தில் ஒன்பது கோளாறு அந்த ஜங்ஷன் பாக்ஸிலேயே கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தால் எந்த லைன் என்பது தெரிந்துவிடும். இதுவரை வீட்டில் இருப்பவர்களே செய்யலாம். போர்டைத் திறப்பது, வயரைத் தொடுவது எல்லாம் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் பெற்றவரின் வேலை.

அவர் வரும்வரை பல்பு மாற்ற வேண்டியிருந்தால், சுவிட்சை நம்பாமல் மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதையும் சேர்த்து அணையுங்கள். மெயினை மட்டும் இறக்கினால், பேட்டரியிலிருந்து விளக்கு லைனில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இதை மறந்து கை வைப்பவர்கள் உண்டு.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஆடி அமாவாசைக்கு வாவுபலி பார்க்க ஊர் திரளும் நாட்களிலும் பழைய சுவர்களில் ஈரம் காய்ந்திருக்காது. ஈரச் சுவரும் வெறுங்காலும் சேர்ந்தால், சின்ன வயரிங் தவறுகூட உயிருக்கு உலை வைக்கும்.

அதனால் வயரிங் வேலை முடிந்து கூலி கொடுப்பதற்கு முன் நான்கு விஷயங்களை மட்டும் கேட்டு வாங்குங்கள். எல்லா சுவிட்சும் பேஸில் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் இருக்கும் 'டி' பட்டனை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள். எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று மூடியில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். திறந்திருக்கும் ஜங்ஷன் பாக்ஸை மூடுவதற்கு முன் மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த தடவை கோளாறு வந்தால், சுவரை உடைக்காமலே பாதி வேலையை அந்தப் படம் முடித்துக் கொடுத்துவிடும்.