நிற்கிற மரத்தை எண்ணினால் காடாகுமா?

"காட்டுப் பரப்பு கூடியது" என்று செய்தி வந்தால் உடனே கைதட்டுகிறவர்கள், அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிடுகிறது. ஒரு ஹெக்டேர் (சுமார் இரண்டரை ஏக்கர்) நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மரத்தழை மூடியிருந்தால் போதும், அது காட்டுப் பரப்பு! தென்னந்தோப்பு, ரப்பர் தோட்டம் எல்லாம் இதில் அடங்கும்.

சரி, தோப்புகளை விடுங்கள். அசல் மழைக்காட்டை வெட்டிவிட்டு நடுவில் ஒரு துண்டை மட்டும் விட்டுவைத்தால்? அதுவும் கணக்கில் காடுதான். "முழுசாவா அழிச்சோம்? கொஞ்சம் விட்டு வச்சிருக்கோமே" என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட வசதியான கணக்கு கிடைக்காது. ஆனால் அந்த மரங்களின் அடியில் கன்று முளைக்கிறதா, முளைத்தது பிழைக்கிறதா என்று எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது. காட்டின் நாளைய கதை அங்கேதான் இருக்கிறது.

இதை நேரில் சோதித்த இடம் பிரேசில். மனாவுஸ் நகருக்கு வடக்கே, மாட்டுப் பண்ணைகளுக்காக அமேசான் காடு வெட்டப்பட்ட இடத்தில், 1979ல் தாமஸ் லவ்ஜாய் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 1, 10, 100 ஹெக்டேர் அளவில் காட்டுத் துண்டுகளை விட்டுவைத்து, அவை என்ன ஆகின்றன என்று பார்ப்பதுதான் திட்டம். அங்கே எமிலியோ புருனா ஹெலிகோனியா என்ற செடியின் விதைகளைத் துண்டுகளிலும் பெருங்காட்டிலும் விதைத்துப் பார்த்தார். 1999ல் வெளியான முடிவு: பெருங்காட்டில் முளைக்கும் வாய்ப்பு 3 முதல் 7 மடங்கு அதிகம்! விதையில் குறையில்லை. இடம்தான் கெட்டுப்போயிருந்தது.

காரணம் புரியாத புதிர் அல்ல. துண்டின் ஓரம் வழியாக வெயிலும் காற்றும் உள்ளே நுழைகின்றன. தரை காய்கிறது. இலைச்சருகு அதிகமாக விழுந்து சின்னக் கன்றுகளை மூடுகிறது. கொடிகள் பெருகி ஏறுகின்றன. பெரிய பழம் தின்னும் பறவைகளும் விலங்குகளும் போய்விட்டால் விதை தாய்மரத்தடியிலேயே குவிகிறது. அந்த மரத்தையே நம்பி வாழும் பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் காத்திருக்கின்றன. ஒன்றிரண்டு தப்பினாலே பெரிது.

இதில் பெரிய ஏமாற்று என்ன தெரியுமா? மழைக்காட்டு மரம் நூறு, இருநூறு வருடம்கூட நிற்கும். கன்று பிழைப்பது நின்றுபோய் ஐம்பது வருடம் ஆனாலும் மேலே எல்லாம் பச்சையாகவே தெரியும். பிள்ளைகளே இல்லாத ஊரில் தாத்தா பாட்டிகளை மட்டும் எண்ணிவிட்டு, மக்கள்தொகை குறையவில்லை என்று சொல்வது போலத்தான் இது.

"அதனால் என்ன, மரம் நடுகிறோமே!" என்று அடுத்த பதில் வரும். நட்ட அன்று போட்டோ, லட்சக்கணக்கில் எண்ணிக்கை. மூன்று வருடம் கழித்து எத்தனை உயிரோடிருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

வால்பாறையைப் பாருங்கள். ஆனைமலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காடு துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அங்கே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்கிறார்கள். அந்தக் காட்டுக்கே உரிய பல வகை மரங்களின் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, உண்ணிச்செடிப் புதரை அகற்றி நடுகிறார்கள். நட்டதோடு கைகழுவாமல், எது பிழைத்தது, எது செத்தது என்று திரும்பப் போய்க் கணக்கெடுக்கிறார்கள். எல்லாம் பிழைப்பதில்லை. ஆனால் அது நேர்மையான கணக்கு.

இவ்வளவு பாடுபட்டுத்தான் ஒரு துண்டைத் தேற்ற முடியும் என்றால், முழுக்காட்டை வெட்டாமல் விடுவது எவ்வளவு மலிவு! ரோடு, மின்கம்பிப் பாதை, அணை என்று காட்டைக் கூறு போடுகிறவர்கள் "இத்தனை மரம் போகும்" என்று மட்டும் கணக்குக் காட்டுகிறார்கள். மிச்சமிருக்கிற துண்டில் இனி எத்தனை கன்று பிழைக்கும் என்பதையும் அவர்கள் எழுதித் தரட்டும். எழுதிப் பார்த்தால்தான் தெரியும், வெட்டாமல் விட்டதையும் சேர்த்தேதான் அழித்திருக்கிறார்கள் என்று.